ஒன்பது கட்டப் போர்வை

கொரட்டூர் ஏரி உடைந்த அன்று காலையில் சாராளுக்கு இருந்த ஒரே ஆறுதல், போர்வைகள் பன்னிரண்டும் முடிந்து தயாராக இருந்ததுதான். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு முழத் துணிக்கு நாய் படாத பாடு பட வேண்டும். அந்தக் காலத்தில் அம்பத்தூர் சபையின் மாதர் தையல் சங்கம், ஏரிக்கரைக் குடிசைகளுக்குக் கொடுப்பதற்காகப் பன்னிரண்டு ஒட்டுத்துணிப் போர்வைகளைத் தைத்து முடித்தது என்றால் சும்மாவா? அதிலும் போர்வைக்கு மாதிரி தேர்ந்தெடுத்தவள் சாராள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட இருந்தது. இருக்கட்டுமே, யாருக்குத்தான் இல்லை!

அந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஆடி மாசத்தில் சங்கம் கூடியபோது, சபைப் போதகரான ஐயரின் மனைவி ஜெயசீலி ஒரு படப் புத்தகத்தை விரித்து வைத்தாள். சீமைக்குத் திரும்பிப் போன துரைசானி ஒருத்தி விட்டுப் போனது. ஜெயசீலி திருநெல்வேலிக்காரி, தையலில் கெட்டிக்காரி, சங்கத்துக்குத் தலைவியும் அவள்தான். அவள் விரல் வைத்தது எட்டு முனை நட்சத்திரத்தின் மேல். அழகு என்றால் அப்படி ஓர் அழகு! ஆனால் துணியைச் சாய்வாக வெட்ட வேண்டும், பாதி வீணாகும், ஒரு நட்சத்திரம் முடிவதற்குள் கண் பூத்துப் போகும்.

"அம்மா, இத்தைத் தச்சு முடிக்கறதுக்குள்ள மழை வந்துட்டுப் போயிடும்," என்றாள் சாராள். "ஏரிக்கரை ஜனங்க குளிர்ல நடுங்கிக்கினு கெடக்கும். நாம இங்க நட்சத்திரம் எண்ணிக்கினு குந்தியிருப்போம்."

மற்றப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சாராள் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினாள். புதுமாதிரி என்று போட்டிருந்தது. பூவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, பெரிய பெரிய சதுரக் கட்டங்கள் மட்டும். ஒன்பது கட்டம், எல்லாம் நேர்த்தையல். மூலைக் கட்டம் நாலும் வெள்ளை, மிச்சம் ஐந்தும் நீலம். வெள்ளைக்கு மாவு மூட்டைத் துணி இருந்தது, நீலத்துக்குப் பள்ளி விடுதிப் பிள்ளைகளின் பழைய பாவாடை இருந்தது. இதைவிடச் சுலபமாக வேறென்ன வேண்டும்? ஜெயசீலிக்கு முகம் சுருங்கினாலும் கை தூக்கியவர்கள் எல்லாரும் சாராள் பக்கம். யாருடைய மாதிரி தேறுகிறதோ அவள்தான் ஜெபம் முடிந்ததும் முதல் கத்தரி போட வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். சாராள் போட்டாள்.

முதல் போர்வையைத் தைத்து ஆலயத்துத் தரையில் விரித்தபோதுதான் அது எல்லார் கண்ணிலும் பட்டது. நடுக் கட்டமும் அதன் நாலு பக்கக் கட்டங்களும் நீலம். வெள்ளையின் நடுவில் நீலச் சிலுவை ஒன்று கைவிரித்துக் கிடந்தது.

"ஏ, இது சிலுவைல்லா!" என்று ஜெயசீலி இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். "நாம தேடல, கர்த்தராப் பாத்துக் காட்டிட்டாரு!"

நட்சத்திரம் போன வருத்தமெல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் ஓடிவிட்டது. பெண்கள் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார்கள். சாராளுக்கு மட்டும் ஏரிக்கரை ஞாபகம் வந்தது. அவள் பிறந்தது கொரட்டூர் ஏரிக்கரையில். அவள் அப்போது நாகம்மாள். மிஷன் பள்ளிக்குத் தையல் படிக்க வந்தவள், ஞானஸ்நானம் வாங்கி, ரயில்வே போர்ட்டர் பால்ராஜைக் கட்டிக்கொண்டாள். பிறந்த வீடு அன்றோடு அவளைத் தலைமுழுகியது. இந்தப் போர்வையை அந்த ஜனம் எந்தக் கண்ணால் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் தன் மாதிரியைக் கர்த்தரே மெச்சிவிட்டார் என்று ஆளாளுக்குக் கொண்டாடும்போது வாயைத் திறக்க யாருக்கு மனசு வரும்? விழுங்கிவிட்டாள். பாவி, அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஐப்பசியில் மழை பிடித்தது பாருங்கள், வானம் பொத்துக்கொண்டது மாதிரி. ஏரிக்கரை உடைந்து குடிசைகள் போயின. தப்பித்தவர்களை மிஷன் பள்ளிக்கூடக் கொட்டகையில் கொண்டுவந்து விட்டார்கள். சாராளின் வீடு அந்தப் பள்ளிக்கூடத்தை ஒட்டியே இருந்தது, நடுவில் ஒரு சுவர்தான். ரயில் நின்றுபோனதால் பால்ராஜும் மற்ற போர்ட்டர்களும் தெப்பம் கட்டிக்கொண்டு ஆட்களை ஏற்றிவரப் போயிருந்தார்கள். முற்பகலில் அவன் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்றான்.

"சாரா, உங்க அக்கா வந்துகீது. கன்னியம்மாளு. கையில பச்சப்புள்ள. ரெண்டும் தொப்பலா நனைஞ்சு வந்துகீதுங்க. புள்ள கத்துது பாரு, கேக்குதா?"

கேட்டது. மழைச் சத்தத்தைத் தாண்டி மெல்லிய கிறீச்சென்ற அழுகை. அவன் அடுத்த நடைக்கு ஓடிவிட்டான்.

அக்காவுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை என்பது சாராளுக்குத் தெரியும். இரண்டு சாவுக்கும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஊர் வாய் வழியாகத்தான் தெரிந்தது. இது மூன்றாவது. பிறந்ததுகூட அவளுக்குத் தெரியாது. தன்னிடம் இருந்த இரண்டு உலர்ந்த நூல்சேலையையும் பன்னிரண்டில் ஒன்றாக வீட்டில் இருந்த போர்வையையும் அள்ளிக்கொண்டு, கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள்.

கொட்டகைக்குள் ஈரமும் புகையும். ஈர விறகில் அடுப்பு எரியவில்லை, புகைந்துகொண்டிருந்தது. ஜனங்கள் சுவரோரமாக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் மற்றப் பதினோரு போர்வைகளும் அடுக்கியபடியே இருந்தன. ஜெயசீலி காலையிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஒருவர்கூடத் தொடவில்லை.

கன்னியம்மாள் கதவோரமாக இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மடியில் துணிமூட்டைபோல ஒன்று கத்திக்கொண்டிருந்தது. சாராள் சேலையை நீட்டினாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சேலையை மட்டும் வாங்கிப் பிள்ளையைத் துடைத்தாள், சுற்றினாள். நூல்சேலை எவ்வளவு தாங்கும்? தாயின் உடம்பே பனிக்கட்டியாக இருந்தது. சாராள் போர்வையை விரித்தாள்.

"இன்னா இது?" என்று குறுக்கே வந்து நின்றான் கோவிந்தன். கன்னியம்மாளின் புருஷன், ஏரிக்கரை நிலத்தில் பயிர் வைத்தவன், இப்போது நிலமும் இல்லை வீடும் இல்லை. ஆனால் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"போர்வை, மாமா."

"யாருக்கு யாரு மாமா? கூரை குடுத்தீங்க, குந்தினோம். கஞ்சி குடுத்தீங்க, குடிச்சோம். இத்தைப் போத்திக்கினா இன்னா ஆவும்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினியா?"

"ஒண்ணும் ஆவாது மாமா. குளிரு நிக்கும், அவ்ளோதான்."

"உனுக்கும் அப்டித்தானே சொன்னாங்க? தையல் கத்துக்கப் போறேன்னு போன. நாகம்மாளாப் போனவ சாராளா வந்து நின்ன. ஊசிநூல்ல ஆரம்பிச்சது எங்க போய் முடிஞ்சுதுன்னு நான் கண்ணால பாத்தவன்."

பொய்யா சொல்கிறான்? சாராள் போர்வையைத் திருப்பிப் பிடித்தாள். "மறுபக்கமாப் போத்திக்கோங்க. வெறும் வெள்ளதான் தெரியும்."

இதற்குப் பதில் கன்னியம்மாளிடமிருந்து வந்தது, ஆனால் சாராளைப் பார்த்து இல்லை, பிள்ளையைப் பார்த்து. "திருப்பிப் போட்டா அது உன் நெஞ்சு மேலதானேடா படும்? ஆத்தாளுக்கு நேந்துகினு பெத்த புள்ள நீ. இன்னும் மொட்டைகூட போடல. அவ குடுத்தா. அவளுக்குக் கோவம் வந்துதுன்னா அவளே எடுத்துப்பா. ரெண்டை எடுத்தவதானே? அந்தம்மாவை எடுத்துகினு போவச் சொல்லுடா."

அந்தம்மா! கூடப் பிறந்தவள், ஒரே பாயில் படுத்தவள், அந்தம்மாவாகிவிட்டாள். சாராளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. 'பிள்ளை சாகுதுடி, பிடிவாதம் பிடிக்கிறியே' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அக்காவின் கை பிள்ளையை இறுக்கியிருந்த விதத்தைப் பார்த்தாள். அது பிடிவாதம் இல்லை, பயம். இரண்டைப் பறிகொடுத்தவளின் பயம். அதோடு யார் வழக்காட முடியும்?

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தாள். வேறு கம்பளி, கிம்பளி ஏதாவது? எங்கே இருக்கும்! சபைத் தெருவில் இருந்த பழைய கம்பளி, கிழிந்த ஜமுக்காளம் எல்லாம் அந்தப் பன்னிரண்டு போர்வைகளின் வயிற்றுக்குள்தான் கிடந்தன. மேலே ஒட்டுத்துணி, கீழே வெள்ளை, நடுவில் கம்பளி வைத்துத்தான் அவற்றைத் தைத்திருந்தார்கள். நீலக் கட்டங்களைப் பிரித்தெடுக்கலாமா? பொழுது போய்விடும். சுவருக்கு அப்பால் பிள்ளை விட்டு விட்டு அழுதது. முன்னைக்கு இப்போது சத்தம் குறைந்திருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு குந்தினாள். குனிந்து பார்த்தவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்த போர்வையில் சிலுவை இல்லை. ஒரு வெள்ளைக் கட்டம், அதற்கு இரண்டு பக்கம் நீலக் கரை. அவ்வளவுதான். விரித்தால் சிலுவை, மடித்தால் கரை. நாலு கால் பாகமும் அதேதான். அந்த நாலும் ஒன்றோடொன்று முதுகை மாற்றி உட்கார்ந்தால்?

நட்ட நடுவில் மேலிருந்து கீழே ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு. இடது மேல்துண்டு வலது கீழே போக வேண்டும், வலது மேல்துண்டு இடது கீழே வர வேண்டும், மற்ற இரண்டும் அதே மாதிரி மேலே ஏற வேண்டும். வெள்ளை நாலும் நடுவில் கூடிவிடும். நீலம் முழுவதும் சுற்றிலும் ஓரத்துக்குப் போய்விடும். ஒரு நூல்கூட வீணாகாது. அவ்வளவு சுலபம். ஆனால் அந்த இரண்டு வெட்டும் விழ வேண்டியது சிலுவையின் நடு மார்பில்.

சங்கத்துக் கத்தரி ஜெயசீலியின் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. சாராள் போய்க் கேட்டாள். எதற்கு என்று அவள் கேட்டாள். சாராளுக்குச் சாமர்த்தியமாகப் பொய் சொல்ல வரவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

ஜெயசீலி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்துவிட்டாள். "என்ன பேச்சு பேசுத நீ? அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நானுந்தான் அழுவேன். அதுக்காகச் சிலுவையை அறுக்கதா? நாளைக்கு அவுக கோயில் வாசல்ல நின்னு கும்பிடுன்னா கும்பிடுவியோ? பழைய புத்தி எங்க போவும்! கத்தரி கெடையாது. போ."

பழைய புத்தி! அந்தச் சொல் சுட்டுவிட்டது. இந்தப் பக்கம் போனால் அந்தம்மா, அந்தப் பக்கம் போனால் பழைய புத்தி. சாராள் வீட்டுக்கு வந்தாள். கத்தரி இல்லாவிட்டால் என்ன, அருவாமனை இல்லையா? மீன் அரிகிற அருவாமனையைச் சாம்பல் போட்டுக் கழுவித் துடைத்து, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போர்வையின் நடுவை அலகின்மேல் வைத்தாள்.

அவள் ஒன்றும் விளையாட்டுக்கு ஞானஸ்நானம் வாங்கியவள் இல்லை. அந்தச் சிலுவைக்காகப் பிறந்த வீட்டை விட்டவள். ராத்திரி படுக்கும்போது அதைக் கும்பிடாமல் கண் மூடாதவள். 'கர்த்தரே, தப்புன்னா என் தலைமேல போடு. புள்ள தலைமேல போடாத' என்று வாய்விட்டுச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். கம்பளி கரகரவென்று அறுந்தது.

இரண்டாவது வெட்டு முடிந்து, துண்டுகளைத் தரையில் இடம் மாற்றிப் பரப்பிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. ஜெயசீலி. சந்தேகப்பட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறாள். மழையில் நனைந்த முகம் வெளிறிப்போயிருந்தது. சாராள் கோணி ஊசியில் சணல் நூலைக் கோர்த்து முதல் இரண்டு துண்டுகளைக் கோக்க ஆரம்பித்துவிட்டாள். ஜெயசீலி விறுவிறுவென்று வந்து நாலாவது துண்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"குடுங்கம்மா."

"மாட்டேன்."

"மூணை வச்சு நான் இன்னா பண்றது? தாயையும் புள்ளையையும் சேத்துச் சுத்தினாதான் சூடு நிக்கும்மா."

"முதல் கத்தரி நீதான போட்ட? ஜெபம் பண்ணித்தான போட்ட? அதே கையால எப்பிடி உனக்கு மனசு வந்துச்சு? இனி ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட பந்திக்கு வருவ?"

"வரக்கூடாதுன்னா வரல," என்றாள் சாராள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. நற்கருணைப் பந்திக்குப் போகாமல் அவளால் இருக்க முடியுமா? இருந்தாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. "இது ஏரிக்கரைக்குன்னு தெரிஞ்சுதான் கட்டம் போட்டேன். அந்த ஜனத்தைப் பத்தி எனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். உங்க சந்தோசத்தைப் பாத்து வாயை மூடிக்கினேன். தப்பு என்னுது. அந்தப் பச்சமண்ணு இன்னாம்மா பண்ணுச்சு?"

ஜெயசீலி துண்டை விடவில்லை. சாராள் எழுந்து பிடுங்கவில்லை. ஐயர் மனைவியின் கையிலிருந்து பிடுங்குவதா! ஊசி ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி தைக்கிறாள், ஒருத்தி நிற்கிறாள், வெளியே மழை.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. பிள்ளையின் அழுகை கேட்கவில்லை.

மழைதான் சத்தத்தை மறைக்கிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். மழையும் அப்போது தூறலாகத்தான் இருந்தது. கொட்டகையில் யாரோ இருமுவதுகூடச் சுவர் வழியாகக் கேட்டது. குழந்தை மட்டும் இல்லை. சாராளுக்குக் கையில் இருந்த ஊசி நின்றுவிட்டது.

ஜெயசீலி துண்டைத் தரையில் வைத்தாள். வைத்தவள் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு ஊசி இருக்கா? எடு சீக்கிரம்," என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து அவள், இந்தப் பக்கத்திலிருந்து இவள். எட்டு முனை நட்சத்திரம் தைக்க ஆசைப்பட்டவள், கோணி தைக்கிற மாதிரி முழ நீளத் தையலாக ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு ஊசியும் நடுவில் சந்தித்ததும் பல்லால் கடித்து நூலை அறுத்தார்கள். சாராள் ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு, போர்வையைச் சுருட்டிக் கோணிச் சாக்குக்குள் அணைத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே ஜெயசீலி சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிவந்தாள்.

கன்னியம்மாள் அதே இடத்தில் இருந்தாள். பிள்ளையின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஆனால் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இருக்கிறது! அழத் தெம்பில்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். சாராள் போர்வையை அவள் முன்னால் தரையில் விரித்துப் போட்டாள்.

கோவிந்தன் வந்துவிட்டான். குனிந்து பார்த்தான். இந்தப் பக்கம் நின்று பார்த்தான், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். கொட்டகையில் இருந்த எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் குறி எங்க?" என்றான்.

"அறுத்துட்டேன்."

"எத்தை?"

"அத்தைத்தான் மாமா. அறுத்து ஓரத்துக்குத் தள்ளிட்டேன். இது வேற போர்வைன்னு உன்னாண்ட பொய் சொல்ல மாட்டேன். அதே துணிதான்."

கோவிந்தன் நிமிர்ந்து ஜெயசீலியைப் பார்த்தான். ஐயர் வீட்டு அம்மாள் இதற்கு எப்படி ஒத்துக்கொண்டாள் என்பதுதான் அவனுக்கு நம்ப முடியவில்லை. "நீங்க பாத்துகினா இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கல," என்றாள் ஜெயசீலி. "நானும்தான் தச்சேன்."

அவன் பேச வாயெடுத்தான். என்ன பேச வந்தானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதற்குள் கன்னியம்மாள் அவன் காலுக்குக் கீழே இருந்து போர்வையை வெடுக்கென்று உருவினாள். ஈரச்சேலையை உதறித் தள்ளினாள், பிள்ளையை வெறும் மார்போடு சேர்த்துக்கொண்டாள், தன்னையும் பிள்ளையையும் சேர்த்துப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டாள். கோவிந்தன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் மெல்ல உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த அவள் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தான்.

இனிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சாராள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை செய்தும் பிள்ளை போய்விட்டால்? சிலுவையை அறுத்ததால் போயிற்று என்பார்கள் சபையார், சிலுவையைப் போர்த்தியதால் போயிற்று என்பார்கள் ஏரிக்கரை ஜனங்கள். அவள் எந்தச் சாமியைக் கேட்பாள்? ஜெயசீலி பக்கத்தில் நின்று முணுமுணுவென்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் யாரோ ஆத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோவிந்தன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

முதலில் ஒரு தும்மல். அப்புறம் ஒரு முனகல். பிறகு போர்வைக்குள்ளிருந்து வீல் என்று ஒரு கத்தல் வந்தது பாருங்கள், காலையில் கத்தியதெல்லாம் ஒன்றுமே இல்லை. கோவிந்தன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். கத்தல் பட்டென்று நின்றது. இந்தத் தடவை யாரும் பயப்படவில்லை. பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சுவரோரமாக இருந்த கிழவர் வேம்புலி தொண்டையைக் கனைத்தார். "எம்மாடி, அந்த மாரி கரை வச்ச போர்வை இன்னும் இருந்தா எனுக்கும் ஒண்ணு குடேன். கெழவன் செத்தாப் பரவால்லியா?"

அங்கே இங்கே சிரிப்புக் கிளம்பியது. ஜெயசீலி சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த பதினோரு போர்வைகளையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த சாவியை எடுத்தாள்.

"மிச்சம் பதினொண்ணையும் அருவாமனையிலயா அறுப்ப? கம்பளி பூரா மீன் நாத்தம். நான் போயிக் கத்தரி எடுத்துட்டு வாரேன்," என்றாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள். "ஐயர் கேட்டா நீதான் பதில் சொல்லணும், ஆமா. எனக்குச் சொல்லத் தெரியாது."

சொல்லத்தான் வேண்டும். என்ன சொல்வது என்று சாராளுக்கும் தெரியவில்லை. போர்வைகளை அள்ளிக்கொண்டு போகத் திரும்பினாள்.

"நாகு."

அவள் அசையாமல் நின்றாள். அந்தப் பேரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

கன்னியம்மாள் சுவர்ப் பக்கமிருந்து திரும்பியிருந்தாள். போர்வையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். "இங்க தையல் உட்டுப் போச்சு பாரு. இது வழியா காத்து பூருது. இன்னா தையல் கத்துக்கின நீ? ஊசி கீதா?"

ஊசி முந்தானையிலேயே இருந்தது, நூலும் இருந்தது. சாராள் பக்கத்தில் உட்கார்ந்து நூலைக் கோர்க்கப் பார்த்தாள். கண் மறைத்தது, ஊசிக் காதுக்குள் நூல் போகவே இல்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கன்னியம்மாள் போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை நீட்டினாள். நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தி, சாராளின் கையிலிருந்த ஊசியில் கோர்த்துக் கொடுத்தாள்.